ஆயிரம் பிறைக்கு இருபத்தைந்து பித்தளைக் காசு

வெட்டும்போது காசைப் பிடித்துக்கொள்ளும் ஜிக்கிலிருந்து கடைசிக் காசைக் கழற்றியபோது இரவு ஒன்றரை மணி. கையில் எடுத்ததும் விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் வெட்டிய முதல் காசு என் கட்டைவிரலைக் கிழித்தது. நடுவில் நடந்ததை, அளவுகள் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கணினி சொல்கிறபடி வெட்டும், மேசைமேல் வைக்கும் சின்ன சிஎன்சி மெஷினை வைத்துக்கொண்டு பித்தளையில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகட்டின் விலையாவது மிச்சமாகும்.

அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, 2025 தையில் சதாபிஷேகம். திருக்கடையூரில் வைத்தோம். ஆயிரம் பிறை கண்டவர் என்பார்கள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள். 80 வயதும் சுமார் பத்து மாதமும் வருகிறது. வரும் நெருங்கிய சொந்தத்துக்குக் கொடுக்க 25 காசு தேவைப்பட்டது. கடையில் வெள்ளிக் காசு வாங்கியிருக்கலாம். ஆனால் அப்பிச்சி கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 38 வருடம் லேத் ஓட்டியவர். அவர் விசேஷத்துக்குக் கடையில் வாங்கியதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

என்னிடம் இருப்பது 3018 வகை மெஷின். வேலைப் பரப்பு 300க்கு 180 மில்லிமீட்டர், 775 மோட்டார், பிட்டை (வெட்டும் முனையை) பிடிக்க இஆர்11 காலெட். பழையதாக 11,500 ரூபாய்க்கு வாங்கியது. அதுவரை மரத்திலும் அக்ரிலிக்கிலும் மட்டும்தான் ஓட்டியிருந்தேன்.

புரட்டாசியில் ஆரம்பித்தேன். 3 மி.மீ. பித்தளைத் தகடு ஒரு துண்டு, 640 ரூபாய். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் எம்டிஎஃப் பலகையில் ஒட்டி, கூம்பு முனையுள்ள 60 டிகிரி வி-பிட்டில் எழுத்து வெட்டி, தட்டை முனையுள்ள 2 மி.மீ. எண்ட் மில்லால் வட்டமாக அறுத்து எடுப்பது என்று திட்டம். ஒன்றும் சரியாக வரவில்லை. எழுத்தின் இரு கரையிலும் பிசிறு எழும்பி நின்றது. தேய்த்தால் பிசிறு மடிந்து எழுத்துக்குள்ளேயே விழுந்தது. எண்ட் மில்லின் பள்ளத்தில் பித்தளை அப்பிக்கொண்டு, வெட்டுவதற்குப் பதிலாக உரச ஆரம்பித்தது. அந்தச் சூட்டில் டேப் இளகி, வட்டத்தின் கடைசிச் சுற்றில் காசு நகர்ந்து பிட் உடைந்தது. மிஞ்சியதை வெர்னியரில் அளந்தேன். ஒரு பக்கம் 38.00, குறுக்கே 37.72. மெஷினை நகர்த்தும் திருகாணியும் நட்டும் சேரும் இடத்தில் இருந்த தளர்வு வட்டத்தை முட்டையாக்கியிருந்தது.

அடுத்த இரண்டு வாரம் ஃபீடை, அதாவது பிட் நகரும் வேகத்தை, குறைத்தேன், கூட்டினேன், ஆழத்தை 0.1லிருந்து 0.05 ஆக்கினேன், சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டேன். தகடு பாதிக்கு மேல் தீர்ந்தது. பிசிறு குறைந்ததே தவிர போகவில்லை. குறை மெஷினில்தான் இருக்கிறது, இதைவிடக் கனமானது வாங்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு அப்பிச்சி வீட்டுக்கு வந்திருந்தார். காசு விஷயத்தை அவரிடம் சொல்வதாக இல்லை. ஆனால் குப்பைத் தட்டில் கிடந்த துண்டை அவரே எடுத்துவிட்டார். கண்ணாடி போடவில்லை. நகத்தால் விளிம்பைச் சுற்றினார், தகட்டின் வெட்டுவாயைக் கட்டைவிரலால் அழுத்தினார், தட்டில் கிடந்த சுருளில் ஒன்றை எடுத்து வளைத்தார். அது உடையாமல் வளைந்தது.

"ஏங்கண்ணு, தகட்டுல எதுக்கு மல்லுக்கட்டற? இது வளைக்கறதுக்குன்னே செஞ்ச பித்தளை. கடைசலுக்கு ராடு தனியா இருக்குது. ராடு வாங்கி வில்லை வில்லையா அறுத்துக்க."

"வட்டம் கோணலா வருதுங்க அப்பிச்சி."

"வட்டத்தை லேத்துல உடு. உன்ற மெஷினு படம் போடட்டும்."

என் பல வாரப் பிரச்சினை இந்த இரண்டு வரியில் தீர்ந்தது. தகடாகக் கிடைப்பது பெரும்பாலும் 63க்கு 37 என்ற அளவில் செம்பும் துத்தநாகமும் கலந்தது. மடக்கவும் அழுத்தவும் அருமையானது. பிட்டுக்கு அடியில் பிசின்போல இழுபடும். கடைசலுக்கு விற்கும் ராடில் சுமார் 3 சதவீதம் ஈயம் சேர்ந்திருக்கும். அந்த ஈயம்தான் சுருளைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறது. வாங்கி வந்த ராடில் முதல் கோடு ஓட்டியபோது சத்தமே வேறாக இருந்தது. கீச்சு இல்லை, மணலைச் சலிப்பதுபோலச் சீரான சரசரப்பு. தூள் ஊசிபோலத் தெறித்தது. எழுத்தின் கரையில் நகம் தட்டவில்லை.

ஈயம் என்பதால் கவனம் வேண்டும். தூளை வாயால் ஊதக்கூடாது, பிரஷ்ஷால் தள்ளி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தபோது, உயரத்தில் வைக்கச் சொல்லியே கொடுத்தேன்.

40 மி.மீ. ராடு மீட்டருக்குப் பத்தரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். எனக்கு 30 வில்லை வேண்டும். அறுக்கும் டூலின் அகலத்தையும் சேர்த்து வில்லைக்கு 7 மி.மீ., லேத்தின் கவ்வியான சக்கில் பிடிக்க 40. ஆக 250 மி.மீ., 2.67 கிலோ, கிலோ 720 ரூபாய் வீதம் 1,920 ரூபாய். பக்கத்துத் தெருக் கடைசல் பட்டறையில் 38 மி.மீ.க்குக் கடைந்து, 3.5 மி.மீ. கனத்தில் முகம் மட்டமாக்கிக் கொடுக்க ஒன்றுக்கு 20 ரூபாய். முப்பதையும் அளந்தேன். விட்டம் எல்லாம் 0.03க்குள் இருந்தது. கனம் மட்டும் 3.46 முதல் 3.55 வரை. இதைக் குறித்து வைத்தது பின்னால் உதவியது. 0.25 ஆழத்தில் எழுத்து வெட்டும்போது 0.09 வித்தியாசம் என்பது பெரிய விஷயம். அதனால் ஒவ்வொரு வில்லைக்கும் இசட் பூஜ்யத்தை, அதாவது உயரக் கணக்கு தொடங்கும் இடத்தை, தொட்டு அறியும் புரோபால் புதிதாக எடுத்தேன். பித்தளையில் மின்சாரம் பாயும் என்பதால் ஒரு கிளிப் பிட்டிலும் ஒன்று ஜிக்கிலும் மாட்டினால் போதும்.

ஜிக்தான் இந்த வேலையின் உயிர். 100 மி.மீ. சதுரம், 10 மி.மீ. கன அலுமினியத் துண்டு, 250 ரூபாய். அதை மெஷின் படுக்கையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கி, அதே மெஷினால் அதிலேயே 38.1 மி.மீ. வட்டக் குழி 2 மி.மீ. ஆழத்துக்கு வெட்டினேன். மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு சுற்றும் 0.1. குழியின் மையம்தான் எக்ஸ், ஒய் பூஜ்யம், அதாவது இடவலமும் முன்பின்னும் நகர்வதற்கான தொடக்கப் புள்ளி. ஜிக்கைக் கழற்றாதவரை அது மாறாது. குழியிலிருந்து வெளிவிளிம்புவரை ஹேக்ஸா பிளேடால் ஒரு பிளவு. பிளவின் குறுக்கே எம்5 ஆலன் போல்ட். அதை அரைத் திருகு முடுக்கினால் குழி வில்லையைக் கவ்விக்கொள்ளும். டேப் இல்லை, பசை இல்லை. குழி வெட்டுவதற்கு முன் திருகாணி நட்டுகளின் தளர்வை எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் குழியும் முட்டையாகியிருக்கும்.

பிளவைப் பன்னிரண்டு மணித் திசையில் வைத்தது தற்செயல். ஆனால் அதுவே அடையாளமாக உதவியது. முதல் பக்கம் முடிந்ததும், பிளவுக்கு நேராகக் காசின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு. திருப்பிப் போட்டு மறுபடியும் கோட்டைப் பிளவுக்கு நேராக வைத்தால் மறுபக்கமும் நேராக வரும். நம் ரூபாய் நாணயத்தை இடவலமாகத் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாகாமல் நிற்கும், கவனித்திருப்பீர்கள். அமெரிக்க நாணயத்தில் அப்படி இல்லை. அதை மேல்கீழாகத் திருப்ப வேண்டும். முதல் இரண்டு காசில் நான் கோடு போடாமல் கண்ணளவில் மேல்கீழாகத் திருப்பி, இரண்டையும் தலைகீழாக வெட்டிவிட்டேன்.

ஒரு பக்கம் நிலவு. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் 2009 முதல் நிலவைச் சுற்றி லேசரால் உயரம் அளந்திருக்கிறது. அந்த உயரப் படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு கோளத்தின்மேல் அதைப் போர்த்தி, பூமிக்குத் தெரியும் முகத்தை மட்டும் கறுப்பு வெள்ளை உயரப் படமாக எடுத்தேன். நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். காசில் 28 மி.மீ. ஆக ஒரு மில்லிமீட்டருக்குள் 124 கிலோமீட்டர். 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோ பள்ளம் 0.7 மி.மீ. வரும். நுனி உருண்ட என் ஊசிமுனை பால்-நோஸ் பிட்டின் முனை 0.5. டைக்கோ ஒரு குழியாகத் தெரியும், அதைவிடச் சின்னதெல்லாம் அழிந்துபோகும் என்பது வெட்டுவதற்கு முன்பே தெரிந்தது.

உயரமும் பார்க்க வேண்டும். நிலவின் மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் வித்தியாசம் சுமார் 20 கிலோமீட்டர். இந்த அளவில் 0.16 மி.மீ. அதை அப்படியே வெட்டினால் விரலுக்குத் தெரியாது. மூன்று மடங்காக்கி 0.5 வைத்தேன், நடுவில் 0.3 மேடு. முதல் முயற்சி நிலவாகவே இல்லை, கல்லில் வார்த்த ஊத்தப்பம்போல இருந்தது. நாம் முயல் என்றும் வடை சுடும் பாட்டி என்றும் பார்ப்பது நிறத்தை. பித்தளையில் நிறம் ஏது? அந்தக் கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்த தாழ்வான சமவெளிகள். ஆகவே உயரப் படத்தில் அவற்றை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வழுவழுப்பாக்கினேன், மேட்டு நிலத்தின் கரடுமுரடை அப்படியே விட்டேன். அப்போதும் அரைகுறைதான். முயல் கடைசியில் வண்ணம் பூசும்போதுதான் வந்தது.

வெட்டியது இரண்டு கட்டமாக. முதலில் 2 மி.மீ. எண்ட் மில்லால் கரடாக, சுற்றுக்கு 0.1 ஆழம், நிமிடத்துக்கு 200 மி.மீ. வேகம், 25 நிமிடம். பிறகு பால்-நோஸ், கோட்டுக்குக் கோடு 0.05 இடைவெளி, வேகம் 400. கணக்குப்படி 31 நிமிடம், நிஜத்தில் 38. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் மெஷின் வேகம் குறைந்து திரும்புகிறது.

மறுபக்கம் நடுவில் ஒரு மூன்று தாடைச் சக், சுற்றிலும் "ஆயிரம் பிறை கண்ட அப்பிச்சி". தமிழ் எழுத்துக்கு வி-பிட் இவ்வளவு சோதனை வைக்கும் என்று நினைக்கவில்லை. முனை 0.1 மி.மீ. உள்ள 60 டிகிரி பிட் 0.2 ஆழத்தில் 0.33 மி.மீ. அகலக் கோடு போடும். இரண்டரை மி.மீ. உயர எழுத்தில் 'ண்'ணின் சுழிகளுக்கு நடுவே இருக்கும் இடமே அவ்வளவுதான். மூன்று சுழியும் சேர்ந்து ஒரு குட்டையாகிவிட்டது. 30 டிகிரி பிட் அதே ஆழத்தில் 0.21 மட்டுமே எடுத்துக்கொள்ளும். எழுத்தை 3.5 மி.மீ. ஆக்கி, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒவ்வொரு எழுத்தின் நடுக்கோட்டையும் கையால் வரைந்தேன். பதினான்கு எழுத்து, ஒரு சாயங்காலம். பிறகு புள்ளி. சின்ன வட்டமாகச் சுற்றச் சொன்னால் மெஷினின் மிச்சத் தளர்வில் அது கோணல் கீறலானது. வட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிட்டை 0.3 ஆழத்துக்கு நேராக இறக்கி ஏற்றினேன். நான்கு புள்ளியும் கூர்மையாக, ஒரே அளவில் உட்கார்ந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அச்சில்கூட இவ்வளவு அழகான புள்ளி பார்த்ததில்லை என்று தோன்றியது.

கீழே முதலில் பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, 2025 என்று வைத்திருந்தேன். மாதிரியைப் பார்த்த அம்மா பதறிவிட்டார். "என்ன கண்ணு இது, கண்ணீர் அஞ்சலி போஸ்டராட்டம்!" எனக்குத் தோன்றவே இல்லை. உடனே எடுத்துவிட்டு "தை 2025" மட்டும் போட்டேன். சின்ன மாமா சிங்க முத்திரையும் "80 ரூபாய்" என்றும் போடச் சொன்னார். அதற்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். பணமாகப் பயன்படும்படி உலோகத் துண்டு செய்வதை 2011 நாணயச் சட்டம் தடுக்கிறது. அரசு முத்திரைக்கும் 2005இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. நினைவுக் காசில் மதிப்பு எண்ணும் முத்திரையும் வேண்டாம்.

ஒன்பதாவது காசில் நிலவு பாதி வெட்டியிருந்தபோது கரண்ட் போனது. இந்த மெஷினில் ஓரத்தைத் தொட்டு இடத்தை அறியும் லிமிட் சுவிட்ச் கிடையாது; திரும்ப வந்தபோது அதற்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. கண்ணளவில் மையம் வைத்துத் தொடர்ந்தேன். 0.2 விலகி, நிலவின் நடுவே ஒரு படி விழுந்தது. அந்தக் காசு போச்சு. மறுநாள் ஜிக்கின் ஓரத்தில், மையத்திலிருந்து இரு திசையிலும் சரியாக 30 மி.மீ. தள்ளி, வி-பிட்டால் ஒரு கூம்புக் குழி போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை கரண்ட் போனது. பிட்டின் முனையைக் குழிக்குள் இறக்கி, நான்கு பக்கமும் சமமாகத் தொடும்வரை 0.01 ஆக நகர்த்தினால் பழைய பூஜ்யம் கிடைத்துவிட்டது.

பதினேழாவது காசில் மோட்டார் அலற ஆரம்பித்தது. தொட முடியாத சூடு, கார்பன் தேய்ந்திருந்தது. புதிய 775 மோட்டார் 550 ரூபாய். கூடவே பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை அதற்கு நேராகக் கட்டினேன். இன்னொரு காசு, முதல் பக்கத்து விளிம்பில் பிசிறு எடுக்காமல் திருப்பிப் போட்டதால் போனது. ஜிக்குக்குள் ஒரு பக்கம் 0.1 தூக்கி நின்று, பிட் ஆழமாகக் கடித்து உடைந்தது. அன்றிலிருந்து, திருப்புவதற்கு முன் கண்ணாடிமேல் 600 நம்பர் எமரி ஷீட்டை வைத்து எட்டுப் போடுவதுபோல இருபது தேய்ப்பு, அப்புறம் நகம்.

முடிப்பு வேலைக்கு இரண்டு நாள். 600, 1000, 2000 எமரி. பிறகு புளியும் உப்பும் போட்டு, அம்மா குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்துக் கழுவினேன். உலர்ந்ததும் கறுப்பு எனாமல் பெயிண்டைக் காசு முழுக்கப் பூசி, ஐந்து நிமிடம் விட்டு, மரக்கட்டையில் இறுக்கிச் சுற்றிய துணியால் ஒரே திசையில் துடைத்தேன். மேடெல்லாம் பளிச்சென்று வந்தது, தாழ்வில் கறுப்பு தங்கியது. அந்த நிமிடம் முயல் வந்தது. காதும் முதுகும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக லாக்கர் ஸ்பிரே. முதல் நான்கு காசை வெறும் கையால் எடுத்து அடித்துவிட்டேன். ஒரு வாரத்தில் லாக்கருக்கு அடியில் என் விரல்ரேகை பழுப்பாக எழுந்தது. தின்னரில் கழுவி, மறுபடியும் புளியிலிருந்து ஆரம்பித்தேன். மற்றவற்றை ஸ்பிரிட்டில் துடைத்து, கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து அடித்தேன்.

ஒரு காசுக்கு வெட்டும் நேரம் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல், மாட்டித் திருப்புவதையும் சேர்த்தால் ஒரு மணி ஐம்பது நிமிடம். 25க்கு 46 மணி நேரம். முப்பது வில்லையில் இரண்டு தலைகீழ், ஒன்று கரண்ட், ஒன்று பிசிறு, ஒன்று வெட்டாமல் மீதி. செலவு: ராடு 1,920, கடைசல் கூலி 600, வீணான தகடு 640, பிட்டுகள் 2,300, அலுமினியம் 250, மோட்டார் 550, பெயிண்ட் முதல் எமரி வரை 480. மொத்தம் 6,740. காசுக்குச் சுமார் 270 ரூபாய். பிட்டில்தான் அதிகம் போனது, அதிலும் பாதி தகட்டோடு போராடியபோது உடைந்தவை.

அடுத்த முறை முதல் வேலை லிமிட் சுவிட்ச். நிலவின் அளவை 30 மி.மீ. ஆக்குவேன், விளிம்பு இவ்வளவு அகலம் தேவையில்லை. கரடு வெட்டை ஒரே பிட்டில் 25 காசுக்கும் ஓட்டிவிட்டு, பிறகு பால்-நோஸ் மாட்டி 25ஐயும் முடிக்க வேண்டும். நான் காசுக்குக் காசு பிட் மாற்றி, ஒவ்வொரு முறையும் இசட் எடுத்து, பல மணி நேரம் விட்டேன். பட்டறையிலேயே இரண்டு ஓரத்தையும் 0.3 சேம்ஃபர் (ஓரச் சரிவு) போடச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் அப்பிச்சி சொன்னது. விசேஷம் முடிந்து, மாலையைக்கூடக் கழற்றாமல் காசை வாங்கி, விளிம்பை நகத்தால் சுற்றினார். "பிசிறு இல்ல. ஆனா ஓரம் கூராத்தான் நிக்குது, லேத்துலயே உடைச்சிருக்கோணும்" என்றார். அப்புறம் காசைத் திருப்பி, சக்கின் மூன்று தாடையையும் எண்ணிப் பார்த்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மீதியிருந்த ஒரு வில்லையைப் போன வாரம் பட்டறையில் கொடுத்து, ஓரம் உடைத்து வாங்கி வந்திருக்கிறேன். ஜிக் இன்னும் படுக்கையிலேயே இருக்கிறது.